சாலிட் ஆக்சில் மாற்றம் ஒரு ஸ்டீயரிங் வேலை

பிக்அப் வண்டியின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் தனித்தனி சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சில் இணைக்கும் சாலிட் ஆக்சிலைப் பூட்டுவதை எல்லாரும் சஸ்பென்ஷன் வேலை என்றே சொல்கிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது ஆக்சிலின் கனத்த உறையான ஹவுசிங்கும் புதிய பட்டை ஸ்பிரிங்குகளும்தான் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் என் வீட்டுக் கொட்டகையில் இந்த மாற்றத்தைச் செய்து, அந்த வண்டியைப் பாறைகளின் மேலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிய பிறகு, இதை முதலிலிருந்து முடிவு வரை ஒரு ஸ்டீயரிங் வேலையாகப் பார்ப்பதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆக்சில், பட்டை, பிராக்கெட் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை போகும் கம்பிகள் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் அவரவர் வண்டியை அவரவரே அளந்துதான் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதற்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது 1986-க்கும் 1995-க்கும் இடைப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்அப். இந்த வண்டிக்கு ஒரு வசதி உண்டு. 1979-இல் டொயோட்டா தன் நான்கு சக்கர இயக்கப் பிக்அப்பை வெளியிட்டபோது அதன் முன்பக்கத்தில் பட்டைகளின் மேல் அமர்ந்த சாலிட் ஆக்சில்தான் இருந்தது. வட அமெரிக்கச் சந்தையில் 1985-ஆம் ஆண்டு மாடலோடு அது நின்று, 1986 முதல், முறுக்கப்படும்போது ஸ்பிரிங் போல வேலை செய்யும் டார்ஷன் பார் தாங்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. வேறு பல நாடுகளில் ஹைலக்ஸ் என்ற பெயரில் விற்ற வண்டிகளில் சாலிட் முன் ஆக்சில் 1997 வரை தொடர்ந்தது. ஆகவே இந்த மாற்றத்துக்கு வேண்டிய ஆக்சில் அதே குடும்பத்து வண்டியிலேயே இருக்கிறது. இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் பழைய ஆக்சிலில் 8 அங்குலம், தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியின் முன் டிஃபரன்ஷியலில் இருப்பது 7.5 அங்குலம் என்பதால் வலுவிலும் ஒரு படி கூடுதல்.

தனித்தனி சஸ்பென்ஷன் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். சாலையில் அதுவே மேலானது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைவு; ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அதிர்வு மறு சக்கரத்துக்குப் போவதில்லை; கையில் ஸ்டீயரிங் லேசாக இருக்கும். பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறையில் மெதுவாக ஏறி இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. சாலிட் ஆக்சிலில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்போது, அதே ஹவுசிங் நெம்புகோலாக வேலை செய்து மறு சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. அதனால் இரண்டு டயரும் தரையை விடாமல் பற்றுகின்றன. வண்டியின் உடல் எவ்வளவு அமிழ்ந்தாலும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைவதில்லை, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. தனித்தனி சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பிணைந்திருப்பதால் ஸ்பிரிங் அமுங்க அமுங்க அதுவும் பாறையை நோக்கி இறங்குகிறது. மேலும், அந்த வண்டியை உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, ஷாஃப்ட்டை வளைந்த நிலையிலும் சுழலவிடும் சிவி ஜாயிண்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் தேய்கின்றன. பெரிய டயர் மாட்டிய இந்தத் தலைமுறை டொயோட்டாக்களில், ஸ்டீயரிங் கம்பிகளை மறுபக்கத்தில் தாங்கும் ஐட்லர் ஆர்ம் தளர்ந்துபோவதும் தெரிந்த குறைதான்.

இன்றைக்கும் லேண்ட் குரூஸர் 70 வரிசை, ஜீப் ராங்ளர், சுஸுகி ஜிம்னி ஆகியவை சாலிட் முன் ஆக்சிலோடுதான் வருகின்றன. மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 2018-இல் அதைக் கைவிட்டது. எந்த வண்டி எதற்காகச் செய்யப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஆக்சிலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதை. இன்ஜினின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வெளியீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே டிஃபரன்ஷியலின் உருண்டைப் பகுதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இன்ஜினுக்கு அடியில் குறுக்கே ஓட வேண்டியிருக்கும். என் வண்டியில் அது வலப்பக்கம். அதனால்தான் பழைய டொயோட்டா ஆக்சிலும், 1970-களின் செவ்ரோலெ பிக்அப்களில் வந்த டானா 44 ஆக்சிலும் இந்த வண்டிக்குப் பொருந்துகின்றன. அதே காலத்து ஃபோர்டு எஃப்-150 வண்டியின் டானா 44 இடப்பக்க வெளியீடு கொண்டது என்பதால் பொருந்தாது. அகலத்தையும் கவனிக்க வேண்டும். பழைய டொயோட்டா ஆக்சில், 1986-க்குப் பிந்தைய வண்டியின் முன்பக்கத்தைவிடச் சுமார் 3 அங்குலம் குறுகலானது. பக்கத்துக்கு ஒன்றரை அங்குல ஸ்பேசர் வைத்தோ, பிந்தைய வண்டியின் ஹப்பை அதற்கேற்ற டிஸ்க்கோடு பூட்டியோ பின்சக்கரங்களின் அகலத்துக்குக் கொண்டுவரலாம்.

கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனுக்கும் உள்ள பற்களின் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டயரின் விட்டம் கூடும்போது அந்த விகிதத்தையும் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். 29 அங்குல டயரோடு 4.10 விகிதத்தில் ஓடிய வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டினால், பழைய இழுவை திரும்ப வர 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 29-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 4.95. கடையில் கிடைக்கும் அதற்கு மிக நெருங்கிய விகிதம் 4.88. ஆக்சில் தரையில் கிடக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பூட்டிய பிறகு பிரிப்பது இரட்டை வேலை.

பழையதை அறுத்தெடுக்கும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரைண்டரும் பொறுமையும் போதும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பேட்டரியைக் கழற்றி, பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் தீப்பொறி எட்டாத இடத்துக்கு ஒதுக்கிய பிறகே அறுக்கத் தொடங்க வேண்டும். அடுத்தது, தனித்தனி சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சேசிஸின் இரண்டு தண்டுகளையும் பிணைத்து நிற்கிறது. அதை அறுப்பதற்கு முன்பே தற்காலிகமாக ஒரு குறுக்குக் குழாயைப் பற்றவைத்துவிட்டால் தண்டுகள் நகராது. பிறகு நிரந்தரமான குறுக்குச் சட்டம் ஒன்றை அங்கே கட்டாயம் வைக்க வேண்டும்.

இனி வருவதுதான் நேரத்தை விழுங்கும் பகுதி. வண்டியை அது கடைசியில் நிற்கப்போகும் உயரத்திலேயே சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகள் கொடுத்து நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்த நிலையிலிருந்து வேலை முடியும் வரை அசைக்கக் கூடாது. எல்லா அளவும் பின் ஆக்சிலிலிருந்தே தொடங்க வேண்டும். பின் ஆக்சிலின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, முன் ஆக்சிலின் முனைகளுக்கும் அப்படியே குறித்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக வரும் வரை ஆக்சிலை நகர்த்த வேண்டும். பெரிய டயர் பின்னால் உள்ள தகட்டில் உரசாமல் இருக்கவும், டிஃபரன்ஷியல் மேலே எழும்போது ஆயில் சம்ப்பில் இடிக்காமல் இருக்கவும் ஆக்சிலைச் சற்று முன்னோக்கித் தள்ளி வைப்பது வழக்கம். நானும் அப்படியே வைத்தேன்.

இடம் முடிவானதும் கோணம். இங்கேதான் ஸ்டீயரிங்கின் கதை தொடங்குகிறது. சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இதைக் கேஸ்டர் என்கிறோம். பெரிய டயர் மாட்டிய சாலிட் ஆக்சில் வண்டிக்கு 5 முதல் 7 டிகிரி வரை இருப்பதை நான் விரும்புகிறேன். இந்தச் சாய்வு போதாவிட்டால் வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை, வேகத்தில் வண்டி இருபுறமும் அலையும். ஆனால் கேஸ்டரைக் கூட்ட ஹவுசிங்கையே சுழற்றினால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பினியனின் மூக்கு தரையை நோக்கி இறங்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸோ மேலே இருக்கிறது. வண்டியை உயர்த்தியிருப்பதால் முன்பைவிட மேலே இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை ஜாயிண்ட் தாங்க முடியாத கோணத்தில் சுழன்று, முதலில் அதிர்ந்து, பிறகு உடையும். பினியனுக்காகக் கோணத்தை வைத்தால் கேஸ்டர் போகிறது, கேஸ்டருக்காக வைத்தால் பினியன் போகிறது. இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துகொண்டு கிளம்பிய வண்டிகள் நிறைய உண்டு. இந்த இடத்தில் சமரசம் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சமரசம் தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. ஹவுசிங்கின் இரு முனைகளிலும் பற்றவைத்திருக்கும் நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) தாங்கியின் வெல்டைக் கிரைண்டரால் வெட்டி, அந்த முனைகளை மட்டும் தனியாகச் சுழற்றி, மறுபடி பற்றவைப்பதுதான் அது. முதலில் பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி வேண்டிய கோணத்தில் வைத்துவிட்டு, பிறகு முனைகளைக் கேஸ்டருக்கு ஏற்பத் திருப்பலாம். வெட்டுவதற்கு முன்பே குழாயிலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு நேர்க்கோட்டை உளியால் கீறிக்கொள்ள வேண்டும். எவ்வளவு திருப்புவது என்பதற்குக் கணக்கு எளிது: சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு உரிய தூரம் கிடைக்கும். 3 அங்குல விட்டமுள்ள குழாயில் அது சுமார் 0.66 மி.மீ. ஒரு டிகிரி என்பது உளிக்கீறலின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கிறது என்பதால், கீறலை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கோணமானியை நக்கிளின் மேல்முகத்தில் வைத்து அளந்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வெல்டை உடைக்கும்போது தாய் உலோகத்தைத் தின்னாமல் வெல்டின் உலோகத்தை மட்டும் நீக்குவது மெதுவான வேலை. கிரைண்டரின் தட்டு வெல்டின் அடிவரை போனதும் இரு பாகங்களுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கறுத்த கோடு தெரியும். அந்தக் கோடு சுற்றிலும் முழுதாகத் தெரிந்த பிறகுதான் சுத்தியலை எடுக்க வேண்டும்.

சஸ்பென்ஷனுக்கு நான் பட்டை ஸ்பிரிங்கையே தேர்ந்தெடுத்தேன். சுருள் ஸ்பிரிங்கான காயிலும் ஆக்சிலைப் பிடித்துவைக்கும் கம்பியான லிங்க்கும் சேர்ந்த அமைப்பு இன்னும் நன்றாக மடங்கும், சவாரியும் மிருதுவாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு லிங்க்கின் நீளமும் இடமும் தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்டு கம்பியும் வேண்டும். பட்டையோ எடையைத் தாங்குவதோடு ஆக்சிலை அதன் இடத்திலும் பிடித்துவைக்கிறது. வீட்டில் முதல்முறையாகச் செய்பவருக்கு இதுவே போதும். பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஊசலாடவிடும் ஷேக்கிளைப் பின்பக்கம் வைத்தால் சக்கரம் தடையில் மோதும்போது ஆக்சில் பின்னோக்கி விலகுவதால் அதிர்ச்சி குறைகிறது. அதற்குப் பதிலாகப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் கூடுதல் தூரம் நீண்டு சுருங்க வேண்டியிருக்கிறது. அந்த நீளத்தை உறுதிசெய்துகொண்டு நான் பின்பக்கமே வைத்தேன்.

இப்போது ஸ்டீயரிங் பாக்ஸ். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியிலிருந்த பாக்ஸையே வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த மாற்றத்தின் பெரிய அனுகூலம். அதிலிருந்து நீளும் கையான பிட்மேன் ஆர்ம் பக்கவாட்டில் வீசுவதால், அங்கிருந்து எதிர்ப்பக்க நக்கிளுக்குக் குறுக்காக ஒரு டிராக் லிங்க், அதாவது நக்கிளை இழுத்துத் தள்ளும் கம்பி, கொடுக்க முடியும். 1985 வரை வந்த வண்டிகளில் பாக்ஸின் கை முன்னும் பின்னுமாகத் தள்ளும். பட்டைகள் நீளமாக அசையும்போது அந்த அமைப்பு ஸ்டீயரிங்கையும் சேர்த்து அசைக்கும். பழைய சாலிட் ஆக்சில் வண்டி வைத்திருப்பவர்களே பிந்தைய பாக்ஸைத் தேடிப்பிடித்து மாற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

டிராக் லிங்க் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதன் ஒரு முனை சேசிஸில் இருக்கிறது, மறுமுனை ஆக்சிலோடு மேலும் கீழும் போகிறது. போகும்போது ஒரு வில் வரைகிறது. 90 செ.மீ. நீளமுள்ள டிராக் லிங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி நிற்கும் நிலையில் அது மட்டமாக இருந்தால், ஆக்சில் 10 செ.மீ. மேலே எழும்போது அதன் முனை பக்கவாட்டில் 0.56 செ.மீ. மட்டுமே நகர்கிறது. அதே கம்பியின் சேசிஸ் முனை நக்கிள் முனையைவிட 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதே 10 செ.மீ. எழுச்சிக்குப் பக்கவாட்டு நகர்வு சுமார் 2.3 செ.மீ. ஆகிவிடுகிறது. நக்கிளின் ஸ்டீயரிங் கை 15 செ.மீ. என்றால், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் ஏறக்குறைய 9 டிகிரி திரும்பியிருக்கும். மட்டமான கம்பியில் அது 2 டிகிரியைச் சற்றே தாண்டும். நெடுஞ்சாலையில் ஒரு பாலத்தின் இணைப்பில் வண்டி குதிக்கும் கணத்தில் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கம்பியை மட்டமாக்க நக்கிளின் மேல்புறத்தில் பூட்டும் உயர்ந்த ஸ்டீயரிங் கைகள் கிடைக்கின்றன. இவற்றைப் போட்டால் இரு நக்கிள்களையும் இணைக்கும் டை ராடும் டிராக் லிங்க்கும் பட்டைகளுக்கு மேலே வந்துவிடுவதால் பாறையில் அடிபடுவதும் குறைகிறது. வளைந்த பிட்மேன் ஆர்மைப் போட்டுச் சேசிஸ் முனையைக் கீழே இறக்குவது இன்னொரு வழி. ஆனால் அது பாக்ஸின் ஷாஃப்ட்டுக்குக் கூடுதல் முறுக்கைக் கொடுக்கிறது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. காயில் சஸ்பென்ஷன் போடுபவர்கள் பான்ஹார்டு கம்பியை டிராக் லிங்க்குக்கு இணையாகவும் கூடியவரை சம நீளத்திலும் வைக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே வில்லை வரைவதால் ஒன்றின் நகர்வை மற்றது ஈடுசெய்கிறது.

பாக்ஸை முன்னோக்கி நகர்த்திப் பூட்டும் இடத்தில் சேசிஸ் தண்டு மெல்லிய தகட்டாலான உள்ளீடற்ற பெட்டி. அதன் ஊடாக போல்ட்டை நேரடியாகச் செருகி முறுக்கினால் தகடு உள்வாங்கும், முறுக்கம் நிலைக்காது, பாக்ஸ் அசையத் தொடங்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தண்டின் முழு அகலத்துக்குக் கனமான குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து இருபுறமும் பற்றவைத்து, வெளிப்பக்கத்தில் கூடுதல் தகடும் ஒட்ட வேண்டும். அந்தத் தகட்டின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்சதுர வடிவில் வெட்டினால், பளு ஒரே கோட்டில் குவியாமல் பரவும். தண்டுக்குக் குறுக்கே நேர்ச்செங்குத்தாகப் போடும் வெல்ட்தான் பிற்காலத்தில் விரிசலுக்கு வழிவிடுகிறது.

எல்லாவற்றையும் புள்ளி வெல்ட் மட்டும் அடித்து நிறுத்திய நிலையில் ஒரு சோதனை செய்ய வேண்டும். பட்டைகளில் முதல் இதழை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டு, ஜாக்கியால் ஒரு பக்கத்தை முட்டும் வரை தூக்கி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். டிராக் லிங்க் சேசிஸில் இடிக்கிறதா, டை ராடு ஆயில் சம்ப்பைத் தொடுகிறதா, பிரேக் குழாய் முழுத் தொங்கலிலும் இழுபடாமல் இருக்கிறதா, ஸ்ப்ளைன் கழன்றுவிடும் அளவுக்கு நீள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, முட்டும் இடத்துக்கு முன்பே நிற்கும்படி பம்ப் ஸ்டாப்பின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். பிறகு இதையே எதிர்ப்பக்கத்துக்கும் செய்ய வேண்டும். இந்தச் சோதனையில் எனக்கு நிறைவு வந்த பிறகுதான் இறுதி வெல்டிங்குக்கு அனுமதி கொடுத்தேன். ஆக்சில் குழாயில் பட்டை அமரும் மேடையைப் பற்றவைக்கும்போது சிறு சிறு துண்டுகளாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் பற்றவைத்தால்தான் குழாய் வளையாது. தன் வெல்டிங்கின் ஊடுருவலில் நம்பிக்கை இல்லாதவர் புள்ளி வெல்டோடு நிறுத்திவிட்டு, தேர்ந்த வெல்டரை அழைத்து இறுதி வெல்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஸ்டீயரிங் பிராக்கெட்டில் பழகிப் பார்க்கக் கூடாது.

நக்கிளைப் பூட்டும்போது மேலும் கீழும் உள்ள பேரிங்குகளின் இறுக்கத்தை மெல்லிய தகடான ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, அது நகரத் தொடங்கும் பளுவைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவதே முறை. இதைத் தவிர்த்துவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்துத் திருப்தி அடைபவர்களின் வண்டிகளில்தான் முன்சக்கரங்கள் இரண்டும் ஒருசேர உதறும் கோளாறு அதிகம் வருகிறது. அந்த உதறலுக்குக் குறைந்த கேஸ்டர், தளர்ந்த டை ராடு முனை, தளர்ந்த பான்ஹார்டு, சமன்செய்யாத டயர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஸ்டீயரிங் டாம்பர் மாட்டினால் அடங்கிவிடும் என்பார்கள். அது அறிகுறியை மறைக்குமே தவிரக் காரணத்தை அகற்றாது.

சக்கரங்களின் உட்குவிவை வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடலாம். டயரைச் சுழற்றிக்கொண்டே நடுவில் ஒரு கோடு கீறி, ஆக்சில் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால், முன்பக்க அளவு 2 அல்லது 3 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இதை டை ராடில் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் வளையம் நேராக நிற்பதை டிராக் லிங்க்கில் சரிசெய்ய வேண்டும்.

சாலைக்கு வருவதற்கு முன்பு வேண்டிய அனுமதி, பதிவு, காப்பீடு ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டிய நேரம் பழைய குறுக்குச் சட்டத்தை அறுப்பதற்கு முன்பே. இந்த மாற்றத்தை அறவே ஏற்காத ஊர்களும் உண்டு, பொறியாளரின் சான்றோடு ஏற்கும் ஊர்களும் உண்டு.

வண்டி இப்போது முன்பைவிடக் கனமாகத் திரும்புகிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அது கையில் தெரிகிறது. ஆனால் கையை லேசாக வைத்திருந்தாலும் நேராகப் போகிறது, பிரேக் அழுத்தினால் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. ஓட்டத் தொடங்கிய முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குள் பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கும் யு-போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன், ஏனென்றால் புதிய பட்டைகள் படிந்து அவை தளர்வது இயல்பு. புதிய கிரவுன் பினியன் போட்டிருந்ததால் சுமார் 800 கி.மீ. ஓடியதும் கியர் ஆயிலை வடித்து மாற்றினேன். கடினமான ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஸ்டீயரிங் பாக்ஸைச் சுற்றியுள்ள வெல்டின் ஓரங்களைத் துடைத்து விளக்கடித்துப் பார்க்கிறேன். அங்கே விரிசல் விழுந்தால் பெயிண்டுக்கு மேல் முதலில் மெல்லிய துருக்கோடாகத்தான் தெரியும் என்பதால், அந்தப் பகுதிக்கு மட்டும் வெளிர்நிறப் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.